திங்கட்கிழமைக் கையெழுத்து

கடைசியாக நானும் அம்மாவும் சேர்ந்து செய்த வேலை, மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குத் திரி மாற்றியது. 1979 பிப்ரவரி பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை. கோயில் விட்டு வந்து, சேலை மாற்றிக்கொண்டு, பின்பக்கத் தாழ்வாரத்தில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தோம். பத்துத் திரி ஸ்டவ். அம்மா பழைய திரியைக் குறட்டால் பிடித்து இழுத்தாள். நான் புதுத் திரியைக் குழாய்க்குள் விட்டு மேல்நுனியை வெட்டினேன்.

“இது ஒசரம்,” என்றாள். “புகை விடும். சட்டியெல்லாம் நீதான் தேய்ப்பே.”

மறுபடி வெட்டினேன். அதன் பிறகு உலை வைத்தாள். புதன்கிழமை காலை ஆறேகாலுக்குக் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட் திறப்பதற்குள் உயிர் போய்விட்டது. வயது ஐம்பத்தொன்று.

அவள் பெயர் நோ லாமே. ‘நோ’ என்பது கரேன் இனத்துப் பெண்களின் பெயருக்கு முன்னால் வருவது; நம் ஊர் செல்வி, திருமதி மாதிரி. பெயர் லாமே. பிறந்தது பர்மாவில், ரங்கூனுக்குப் பக்கத்தில் இன்செய்ன். கிறிஸ்தவக் குடும்பம். அப்பா தேவானந்தம் நாசரேத்துக்காரர். பதினேழு வயதில் ரங்கூனுக்குப் போய் மோட்டார் ஃபிட்டர் ஆனவர். இன்செய்னில் ஒரே கோயிலில் காலை எட்டு மணிக்குத் தமிழ் ஆராதனை, பத்து மணிக்குக் கரேன் ஆராதனை. இவர்கள் வெளியே வரும்போது அவர்கள் உள்ளே போவார்கள். அந்த வாசலில் பார்த்துக்கொண்டார்கள். 1951-ல் கல்யாணம். அடுத்த வருடம் நான். கிருபா என்ற பெயரை அப்பா வைத்தார். முகம் முழுக்க அம்மாவுடையது.

1964-ல் பர்மாவில் இந்தியர்களின் கடைகளையும் பட்டறைகளையும் அரசு எடுத்துக்கொண்டது. அப்பாவுக்கு வேலை போனது. தெருவில் அவரைப் பார்த்து ‘கலா’ என்று கத்தினார்கள். கறுப்பன், அந்நியன், ஓடு என்று மூன்றும் சேர்ந்த சொல் அது. ஒரு நாள் சைக்கிளில் வரும்போது நெற்றியில் கல் பட்டது. இரண்டு தையல். கப்பலுக்குப் பெயர் கொடுப்பதென்று அன்று முடிவானது.

இந்தியர்களுக்குப் பயணச் சீட்டு சீக்கிரம் கிடைத்தது. பர்மியக் குடிமகளான மனைவிக்கு மாதக்கணக்காகும் என்றார்கள்; கிடைக்காமலும் போகலாம். அப்பாவின் பைபிளுக்குள் ஒரு ஞானஸ்நானச் சீட்டு இருந்தது. ரத்தினபாய், பிறப்பு 1925, நாசரேத். அப்பாவின் தங்கை. நாலு வயதில் காலராவில் போனவள். அப்பா அந்தச் சீட்டை நீட்டி, இவள் என் மனைவி ரத்தினபாய் என்றார். வரிசை தெருமுனை வரை நின்றது. மேசையில் இருந்தவர் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டு முத்திரை குத்தினார். அம்மா முக்காடு போட்டுத் தலைகுனிந்து நின்றாள்.

சீட்டின் மூன்றாவது வரியை அவர் பார்க்கவில்லை. அப்பாவும் யோசிக்கவில்லை. தகப்பன் பெயர் மாசிலாமணி. அப்பாவின் சீட்டிலும் தகப்பன் பெயர் மாசிலாமணிதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், காகிதத்தின்படி அப்பா தன் கூடப்பிறந்த தங்கையைக் கல்யாணம் செய்திருந்தார்.

சென்னையில் இறங்கி, முகாமில் இரண்டு மாதம் இருந்தோம். பம்மலில் ஒரு தோல் பதனிடும் ஷெட்டில் அப்பாவுக்கு மோட்டார் ஃபிட்டர் வேலை கிடைத்தது. மேற்குத் தாம்பரத்தில் சிட்டிபாபு என்பவரின் காம்பவுண்டில் ஒரு போர்ஷன் பிடித்தோம். முன்பக்கம் அவருடைய சைக்கிள் கடை. பின்னால் மூன்று போர்ஷன், ஒரு கிணறு. பக்கத்துப் போர்ஷனில் செல்வமேரி அக்கா. அவர் புருஷன் ரயில்வேயில் கலாசி.

முதல் நாளே செல்வமேரி அக்கா அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்: “இன்னாண்ணா, அண்ணி எந்த ஊரு? மூஞ்சி ஒரு மாரி கீதே?”

“நாசரேத். அங்கங்க அப்படி இருப்பாங்க,” என்றார் அப்பா.

“நாசரேத்து ஆளுங்க எனக்கும் தெரியும்ண்ணா. இத்தினி செவப்பா, இத்தினி சின்னக் கண்ணா?”

அப்பா டிரங்குப் பெட்டியை உள்ளே தூக்கிப் போனார். வெளியாள் இருக்கும்போது அவர் அம்மாவை ரத்தினம் என்று கூப்பிட்டார். இரண்டாவது முறை கூப்பிட்டால்தான் அம்மா திரும்புவாள். அம்மா அவரைக் ‘கோ ஆனந்தம்’ என்று கூப்பிட்டாள். பர்மாவில் பெண்கள் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ‘கோ’ என்றால் அண்ணன். இங்கே அப்படிக் கூப்பிடாதே என்று அப்பா எத்தனை முறை சொன்னாலும் அது அவள் வாயில் வந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் என்னைச் சப்பைமூக்கு என்றார்கள். சீனாக்காரி என்றும் சொன்னார்கள். மூன்று வருடம் முன்னால்தான் சீனாவோடு சண்டை நடந்திருந்தது. நான் வீட்டில் சொல்லவில்லை. அம்மாவையும் தண்ணீர் எடுக்கும் இடத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவளும் சொல்லவில்லை.

1965 செப்டம்பரில் பாகிஸ்தானோடு சண்டை தொடங்கியது. சீனாவும் சேர்ந்து வரப்போகிறது என்று பேச்சு. தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. விமானம் எழும்பும்போதெல்லாம் குழாயடியில் நின்றவர்கள் மேலே பார்த்துவிட்டு, அடுத்து அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா இன்செய்னில் இருந்த தன் அக்காவுக்குக் கரேன் எழுத்தில் கடிதம் எழுதுவாள். வட்டம் வட்டமாக இருக்கும். வாசல்படியில் உட்கார்ந்து எழுதுவாள், வெளிச்சத்துக்காக. அதையும் யாரோ பார்த்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை ஹெட்கான்ஸ்டபிள் சவுரிமுத்து வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார்.

“மொட்டைப் பெட்டிசன் வந்துகீது சார்,” என்றார் அப்பாவிடம். “இந்தம்மா சீனா உளவாளியாம். ரகசிய எழுத்துல ஏரோப்ளேன் கணக்கு எழுதி அனுப்புறாங்களாம். நான் நம்பல. ஆனா பேப்பர்னு வந்தா பதில் பேப்பர் வேணும். இந்தம்மா இந்தியாவுல பொறந்ததுக்கு அத்தாட்சி எடுத்துகினு திங்கக்கெழம ஸ்டேசனுக்கு வாங்க.”

பெட்டிஷனை எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள அம்மா ஆசைப்படவில்லை.

அவர் போனதும் சிட்டிபாபு கடையிலிருந்து வந்தார். கையில் கிரீஸ்.

“தபாருங்க சார், நீங்க நல்லவரு. ஆனா போலீசு நம்ம வாசப்படி ஏறிடுச்சு. நாளைக்கி எனக்குத்தான் பேஜாரு. அடுத்த வியாழக்கெழமைக்குள்ள காலி பண்ணிடுங்க.”

ஏழு நாள் இருந்தது. அப்பா அன்று சாப்பிடவில்லை. சீனர்கள் போலத் தெரிந்த குடும்பங்களை மூன்று வருடம் முன்னால் ரயிலேற்றி எங்கோ வடக்கே முகாமுக்கு அனுப்பியதைப் பத்திரிகையில் படித்திருந்தார். அம்மாவை அப்படி ஏற்றுவார்கள். இல்லையென்றால் கப்பலில் திருப்பி அனுப்புவார்கள். இரண்டு வழிதான் அவருக்குத் தெரிந்தது. ஒன்று, ஞானஸ்நானச் சீட்டைக் காட்டுவது. இன்னொன்று, வியாசர்பாடிப் பக்கம் பர்மாவிலிருந்து வந்தவர்கள் குடியிருந்த இடத்துக்கு ஓடுவது. அங்கே அம்மா போன்ற முகம் நூறு உண்டு. யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் பம்மல் வேலை போகும்.

வேலையை விட அவருக்கு மனமில்லை. சனிக்கிழமை மத்தியானம் அரை நாள் லீவு போட்டு வந்தார். கதவைச் சாத்தினார். பைபிளை எடுத்து, ரத்தினபாயின் சீட்டைக் கண்ணாடித் தட்டின் மேல் வைத்தார். பக்கத்தில் சவர பிளேடு, மைக்கூடு.

“கிருபா, சாய்ச்சு எழுத வருமா உனக்கு? பழைய காலத்து எழுத்து மாதிரி?”

வரும் என்றேன். படம் வரைவதில் வகுப்பில் நான்தான் முதல்.

“மாசிலாமணியைச் சுரண்டிடறேன். அதே அகலத்துல ஞானமுத்துன்னு எழுதணும். மை கொஞ்சம் தண்ணியா இருக்கட்டும். பழசு மாதிரித் தெரியணும்.”

பிளேடின் மூலையால் சுரண்டினார். மோட்டார் வேலை பார்க்கிற கை; ஒவ்வொரு எழுத்தாக மெல்ல எடுத்தார். ‘மா’ போனது. காகிதம் அந்த இடத்தில் பஞ்சுபோல எழும்பியது. நான் பேனாவைத் தொட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எழுத்தின் அகலத்தை மனசுக்குள் அளந்துகொண்டிருந்தேன். செய்வது தப்பு என்று தோன்றவில்லை. இடம் போதுமா என்பதுதான் என் கவலை.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அப்பாவின் கையைப் பிடிக்கவில்லை. கண்ணாடித் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டாள்.

“கோ ஆனந்தம், இது உங்க தங்கச்சி.”

“அவ செத்து முப்பத்தாறு வருஷம் ஆச்சு, லாமே.”

“செத்தவ பேரை எடுத்தோம். இப்ப அப்பாவையும் எடுக்கறதா?”

“சத்தம் போடாத.”

“நான் சத்தம் போடலை. திங்கக்கெழமை நான் போறேன். என் பேர் சொல்றேன்.”

“சொன்னா உன்னைக் கப்பல் ஏத்திடுவாங்க. பொய்ச் சீட்டுல வந்ததுக்கு என்னையும் உள்ள வைப்பாங்க. இவ என்ன பண்ணுவா?” என்று என்னைக் காட்டினார்.

அம்மா என் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடினாள். “இவளுக்கும் பொய் எழுதக் கத்துக்கொடுக்கறீங்க,” என்றாள். அவளிடமிருந்து அவ்வளவு கடுமையான சொல் அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

திங்கட்கிழமை மூவரும் போனோம். அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாள். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்த்தவர் ரைட்டர் தோத்தாத்ரி. மூக்குக் கண்ணாடி, நெற்றியில் ஒற்றைக் கோடு. எதையும் தலைநிமிராமல் கேட்டார். அம்மா இரண்டு ஞானஸ்நானச் சீட்டையும் அவர் முன்னால் வைத்தாள்.

“பேர்?”

“நோ லாமே.”

பேனா நின்றது. “இதுல ரத்தினபாய்னு இருக்கே?”

“அது அவர் தங்கச்சி. செத்துப் போச்சு. நான் பர்மா. இன்செய்ன். பொய் சொல்லி வந்தோம். ரகசிய எழுத்து இல்லை, எங்க எழுத்து அது. அக்காவுக்கு எழுதறேன்.” தன் அக்கா எழுதிய கடிதம் ஒன்றையும் கரேன் பைபிளையும் மேசையில் வைத்தாள். இரண்டிலும் ஒரே எழுத்து என்று விரல் வைத்துக் காட்டினாள்.

தோத்தாத்ரி சீட்டுகளை எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். சுரண்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். பக்கத்தில் நின்ற சவுரிமுத்து எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார் இது? கூடப்பொறந்த தங்கச்சியையே கட்டிகினியா?”

யாரோ சிரித்தார்கள். அப்பா தரையைப் பார்த்தார்.

“ஏம்மா, வூட்ல புருசன இன்னான்னு கூப்புடுவே?”

“கோ ஆனந்தம்.”

“அப்டின்னா?”

அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. “அண்ணன்,” என்றாள்.

சவுரிமுத்து தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனார். தாழ்வாரத்தில் அவர் சிரிப்பது கேட்டது. தோத்தாத்ரி மட்டும் சிரிக்கவில்லை.

“சுரண்டினது யாரு?”

“நான்,” என்றார் அப்பா.

“ஏன் பாதியில நிறுத்தினீர்?”

“இவ நிறுத்திட்டா.”

தோத்தாத்ரி கண்ணாடியைக் கழற்றி அம்மாவை முதல் முறையாகப் பார்த்தார். பிறகு வாக்குமூலம் எழுதினார். நான்கு பக்கம். படித்துக் காட்டினார். அம்மா கரேனில் கையெழுத்துப் போட்டாள்.

“இது மேலே போகும்,” என்றார். “என்ன வரும்னு எனக்குத் தெரியாது. மாசக்கணக்கு ஆகலாம். அதுவரைக்கும் இந்த ஸ்டேஷன் எல்லையைத் தாண்டக்கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை, திங்கக்கிழமை, எங்க ஆள் வீட்டுக்கே வந்து பார்த்துக் கையெழுத்து வாங்குவார். அதுக்கு ஒரு வீடு இருக்கணும். சிட்டிபாபு காலி பண்ணச் சொல்லியிருக்கார்னு கேள்வி. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள, வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு, இவங்களை வெச்சுக்கறேன்னு கடிதம் கொண்டுவாங்க. விலாசம் இல்லாத வெளிநாட்டுக்காரியை நான் வெளியில விட முடியாதும்மா. நானாக எழுதி முகாமுக்கு அனுப்பும்படி ஆயிடும்.”

வெளியே வந்ததும் அப்பா சொன்னார்: “வியாசர்பாடின்னு ஒரு வழி இருந்தது. அதையும் அடைச்சுட்டே.”

“அங்க போனாலும் நான் செத்தவதான்,” என்றாள் அம்மா.

அன்று மத்தியானமே வீடு தேடக் கிளம்பினாள். என்னையும் கூட்டிக்கொண்டாள். நான்கு நாள் நடந்தோம். மேற்குத் தாம்பரம், கடப்பேரி, கிழக்குத் தாம்பரம், சேலையூர். ‘வீடு வாடகைக்கு’ என்று பலகை தொங்கும் வாசலில் நின்று கேட்டால், “விட்டாச்சு” என்பார்கள். பலகை அப்படியே தொங்கும். ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, “பாப்பா, அப்பாவை வரச் சொல்லு. அந்தம்மா வேணாம்,” என்றார். ஒரு அம்மாள் கதவைப் பாதி திறந்து, “நீங்க சீனாவா?” என்றாள்.

“பர்மா.”

“எல்லாம் ஒண்ணுதான்.” கதவு சாத்திக்கொண்டது.

அம்மாவின் பழக்கம் ஒன்று எங்களைக் கெடுத்தது. வாடகை கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள்: “நான் பர்மா. விசாரணை இருக்கு. வாரம் ஒரு தடவை போலீசு வரும்.” கேட்டவர்கள் பின்வாங்கினார்கள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுப்பேன். நிறுத்தமாட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் அப்பாவுக்கும் இது தெரிந்தது.

“குடி போனப்புறம் சொன்னாப் போதாதா?”

“போனப்புறம் சொன்னா மறுபடி ஏழு நாள் கொடுப்பாங்க. திரும்பத் திரும்பத் தேடுவீங்களா?”

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். “ஒண்ணு பண்ணுவோம். ரைட்டர்கிட்ட நானே போய் எழுதிக் கொடுக்கறேன். உன்னை இன்செய்னுக்கே அனுப்பிடட்டும். கிருபாவையும் கூட்டிட்டுப் போ. அங்க உன் முகத்தை யாரும் பார்க்க மாட்டாங்க. நான் பின்னாடி வரேன்.”

“உங்க முகத்தைப் பார்ப்பாங்க.” அம்மா அவர் நெற்றித் தழும்பைக் காட்டினாள். “அங்க உங்களைக் கலாங்கறாங்க. இங்க என்னைச் சீனாக்காரிங்கறாங்க. எங்க இருந்தாலும் ஒருத்தர் தாங்கணும். நான் யோசிச்சுட்டேன். நான் தாங்கறேன். உங்களுக்குக் கோவம் வரும். எனக்கு வராது.”

முடிவு அவ்வளவுதான். என் முன்னால், கைக்குழந்தை யாரிடம் இருக்கட்டும் என்று பேசிக்கொள்கிற மாதிரி, இந்தச் சில வாக்கியங்களில் அவள் எந்த நாட்டில் வாழ்வது என்று தீர்மானித்தாள். ஆனால் வீடு கிடைக்கவில்லை. வியாழக்கிழமை சிட்டிபாபு ஒரு நாள் தவணை கொடுத்தார். அதற்கே அவர் மனைவி அவரைக் கிணற்றடியில் வைத்துத் திட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா வேலைக்குப் போகவில்லை. சட்டைகளை டிரங்குப் பெட்டியில் அடுக்கினார். அம்மாவின் துணிகளைத் தனியாக ஒரு பையில் வைத்தார்.

பதினொரு மணிக்கு அம்மாவும் நானும் மறுபடி சேலையூர் போனோம். கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வயலும் தென்னையுமாக இருந்த இடத்தில் ஒற்றை வீடு. வீட்டுக்காரி மெட்டில்டா டீச்சர், ரிடையரானவர், தனியாள். பக்கத்தில் ஓடு போட்ட இரண்டு அறை காலியாக இருந்தது. டீச்சர் வாசலில் நின்று தென்னைமரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

அம்மா தன் பாட்டை ஆரம்பித்தாள். “வணக்கம். நான் பர்மா. விசாரணை இருக்கு. வாரம் ஒரு தடவை போலீசு வரும்.”

டீச்சர் எண்ணுவதை நிறுத்தினார். “என்ன வரும்?”

“போலீசு.”

“யூனிஃபார்ம்லயா?”

அம்மா என்னைப் பார்த்தாள். “ஆமாம் டீச்சர்,” என்றேன். “திங்கக்கிழமை. ஹெட்கான்ஸ்டபிள்.”

“வாரா வாரமா? தவறாம?”

“தவறாம.”

டீச்சர் எங்களை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். “இந்த மாசத்துல மட்டும் மூணு தடவை தேங்காய் போயிருக்கு. நேத்து ராத்திரி பம்பு செட்டுல காப்பர் கம்பியை உருவிட்டான். ஸ்டேஷனுக்கு நாலு லெட்டர் எழுதினேன். ‘ஆள் இல்லை’ன்னு பதில். நீ வந்தா ஆள் தானா வருமா?”

“வரும்,” என்றாள் அம்மா.

“உளவாளியா நீ?”

“இல்லை.”

“இருந்தாலும் பரவாயில்லை, தேங்காய் திருடாம இருந்தா சரி. வீட்டுக்காரர் என்ன வேலை?”

“மோட்டார் ஃபிட்டர்.”

டீச்சர் எழுந்துபோய்ப் பேனா எடுத்துவந்தார். சிவப்பு மை, பரீட்சைத் தாள் திருத்துகிற பேனா. கடிதம் ஆங்கிலத்தில் ஒரு பக்கம். கடைசியில் இப்படி ஒரு வரி சேர்த்தார்: வாராந்திரச் சோதனை எக்காரணம் கொண்டும் நிறுத்தப்படக் கூடாது.

நாலரை மணிக்குத் தோத்தாத்ரி அதைப் படித்தார். கடைசி வரியை இரண்டு முறை படித்தார். “இப்படி ஒரு வீட்டுக்காரர் எழுதி நான் பார்த்ததில்லை,” என்று சொல்லிக் கோப்பில் வைத்தார். அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பாதங்களை அப்போதுதான் பார்த்தேன். நான்கு நாளும் செருப்புத் தேய்ந்து, குதிகால் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை சவுரிமுத்து நோட்டோடு வந்தார். அம்மா கையெழுத்துப் போட்டாள். திரும்பப் போனவரை டீச்சர் விடவில்லை.

“மிஸ்டர், அப்படியே தோப்புல மரத்துக்கு மரம் நடந்துட்டுப் போங்க. தொப்பியைக் கழட்டாதீங்க. தெரியணும்.”

“டீச்சர், எனக்கு டூட்டி அந்தம்மாதான். தென்னமரம் இல்ல.”

“அந்தம்மா தோப்புக்குள்ளதானே இருக்காங்க?”

சவுரிமுத்து நடந்தார். அதன் பிறகு வாராவாரம் நடந்தார். அம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுப்பாள். கொஞ்ச நாளில் அவர் அம்மாவை ‘பர்மாக்கா’ என்றார். ஆனால் நோட்டை நீட்டாமல் ஒரு வாரமும் போனதில்லை. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றபடியேதான் கையெழுத்துப் போடுவாள். டீ வேறு, நோட்டு வேறு என்று அவளுக்குத் தெரியும்.

மேலே போன காகிதம் திரும்பிவர ஒன்றரை வருடம் ஆனது. எச்சரிக்கையோடு விட்டார்கள்; திங்கட்கிழமை நோட்டு நின்றது. அப்பாவைக் கூப்பிட்டு இரண்டு மணிநேரம் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். அம்மாவுக்கு வெளிநாட்டவர் பதிவுச் சான்று கொடுத்தார்கள். பெயர் நோ லாமே, நாடு பர்மா. வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். வீடு மாறினால் முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். 1971 டிசம்பரில் மறுபடி சண்டை வந்தபோது மூன்று வாரம் திங்கட்கிழமை நோட்டும் வந்தது. அந்த நாட்களில் ஒரு தடவை மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிர் வரிசைக்குப் போனாள். நான் எழுந்தேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து உட்காரவைத்தாள். பல்லாவரம் வரை அந்தக் காலியிடத்தில் யாரும் உட்காரவில்லை.

இந்தியக் குடியுரிமைக்கு இரண்டு முறை விண்ணப்பம் போட்டோம். கல்யாணப் பதிவின் நகல் கேட்டார்கள். இன்செய்ன் கோயிலுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. மூன்றாவது முறை போடலாம் என்று நான் சொன்னபோது, “வருஷத்துக்கு ஒரு நாள் போய் என் பேர் சொல்றேன். அது எனக்குக் கஷ்டம் இல்லை,” என்றாள்.

நான் பாலிடெக்னிக்கில் படித்தேன். கிண்டியில் வரைபட வேலையில் சேர்ந்தேன். 1978-ல் மெட்டில்டா டீச்சர் இறந்தார். அவருடைய அண்ணன் மகன் தோப்பை விற்கப்போவதாகச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார், ஆறு மாதம் கொடுத்தார். அம்மா மறுபடி வாடகை வீடு தேட மாட்டேன் என்றாள். தன் விஷயத்தில் அவள் முடியாது என்று சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். மாடம்பாக்கத்தில் அப்பா பெயரில் சின்ன மனை வாங்கினோம். பிளான் நான் போட்டேன். இரண்டு அறை, அடுப்படி, கிணறு. ஜன்னல் தெருவைப் பார்த்து வேண்டுமா என்று கேட்டேன். பெரிதாக வை என்றாள். வெளியே இருப்பவர்களும் பார்க்கட்டும் என்றாள்.

பிப்ரவரி இருபத்தைந்து குடிபோவதாக இருந்தது. முகவரி மாற்றத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். நான் தட்டச்சு செய்து தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தானே தமிழில் எழுதினாள். மூன்று நாள் எழுதினாள். தோத்தாத்ரி எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார், சவுரிமுத்துவும் இல்லை. புதியவர்கள் தன்னை அறிய மாட்டார்கள், அதனால் தானே நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்றாள். வியாழக்கிழமை காலை போவதாக இருந்தாள்.

கடிதம் அவள் கைப்பையில் இருந்தது.

‘ஐயா, நான் பர்மா நாட்டைச் சேர்ந்த நோ லாமே. பதினாலு வருசமாக உங்கள் எல்லைக்குள் இருக்கிறேன். இப்போது மாடம்பாக்கத்தில் எங்கள் சொந்த வீட்டில் குடியிருக்கப் போகிறேன். இனிமேல் வீடு மாறமாட்டேன். பார்க்க வருகிறவர்கள் அங்கே வரவும்.’

அடியில் கரேனில் கையெழுத்து. தேதி போடவில்லை, கொடுக்கிற அன்று போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். வியாழக்கிழமை காலை நாங்கள் கல்லறைத் தோட்டத்தில் இருந்தோம். கடிதம் கொடுக்கப்படவில்லை.